பால்வாடியில் உள்ள ‘பால்’ எது?

“பள்ளிக்கூடம் போனால்தான் இவள் அடங்குவாள்.” துடுக்கான மூன்று வயதுக் குழந்தையைப் பற்றி நம் வீடுகளில் வழங்கும் பேச்சு இது. மழலையர் கல்வியின் வரலாறோ இதற்கு நேர்மாறானது. மும்பைத் தமிழர் வாழும் பகுதிகளை ஒட்டியே அவ்வரலாற்றின் ஒரு கிளை செல்வதால் இக்குறிப்பை எழுதுகிறேன்.

ஜெர்மானியக் கல்வியாளர் ஃபிரோபெல், விளையாட்டே குழந்தையின் கல்வி என்று கருதினார். 1840இல் தம் பள்ளிக்குக் ‘குழந்தைகளின் தோட்டம்’ எனப் பொருள்படும் ‘கிண்டர்கார்ட்டன்’ என்ற பெயரை இட்டார். 1851இல் பிரஷ்ய அரசு அத்தகைய பள்ளிகளைத் தடைசெய்தது. குழந்தை கட்டற்று விளையாடுவதும் சில அரசுகளுக்கு அச்சம் தந்திருக்கிறது.

‘பால்வாடி’ என்பதும் இதே பொருளுடைய சொல்லே. மராத்தியில் ‘பால்’ என்றால் குழந்தை. ‘வாடி’ என்றால் தோட்டம். தமிழ்ச்செவியில் மட்டும் அது பால் வழங்கும் இடமாக ஒலிக்கிறது.

1920இல் கிஜுபாய் பதேகா பாவ்நகரில் பாலமந்திரைத் தொடங்கினார். மாண்டிசோரி முறையை இந்தியச் சூழலுக்கேற்ப மாற்றியமைத்த அம்முயற்சியில் உடன்நின்றவர் தாராபாய் மோடக். அவர் 1936இல் மாட்டுங்காவை அடுத்துள்ள தாதரில் சிசுவிகாரைத் தொடங்கினார். மாட்டுங்காவில் தென்னிந்தியக் கல்விச் சங்கம் தோன்றி அப்போது நான்காண்டுகளே ஆகியிருந்தன. கற்ற நடுத்தர வர்க்கத்தின் குழந்தைகளுக்குப் புதிய கல்வியின் கதவு திறந்த காலம் அது.

1945இல் மோடக் நகரத்தை விட்டு, மும்பைக்கு வடக்கே கடலோரச் சிற்றூரான போர்டிக்குச் சென்றார். அனுதாய் வாக் அவருடன் இணைந்தார். பழங்குடிக் குழந்தைகள் பள்ளியைத் தேடி வரவில்லை. எனவே பள்ளியை அவர்களின் வீட்டு முற்றத்துக்கே கொண்டுசென்றனர். அதுவே ‘அங்கன்வாடி’. முற்றத்தைக் குறிக்கும் ‘அங்கணம்’ தமிழுக்கும் அயலான சொல்லன்று.

1975 அக்டோபர் 2ஆம் நாள், ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் நாட்டின் 33 இடங்களில் தொடங்கப்பட்டது. அவற்றுள் ஒன்று தாராவி. தாதருக்கும் தாராவிக்கும் இடையே உள்ளது நடைதூரமே. அத்தூரத்தைக் கடந்து அரசுத் திட்டமாக வந்துசேர அக்கல்விக்கு 39 ஆண்டுகள் ஆயின. அதுவும் போர்டியைச் சுற்றிக்கொண்டு வந்தது.

இத்திட்டத்தின் ஆறு பணிகளுள் துணையுணவும் தடுப்பூசியும் உயிர்காப்பவை. அவற்றைக் குறைத்து மதிப்பிட இயலாது. ஆயினும் முன்பருவக் கல்வியும் அந்த ஆறில் ஒன்று. முற்றமே இல்லாத தாராவிச் சந்தில் அதற்கு இடம் எங்கே? திருநெல்வேலியிலிருந்து குடிபெயர்ந்தோரின் பேத்தி, தன் துடுக்கை எல்லாம் தமிழில்தான் காட்டுகிறாள். தனக்குப் புரியாத மொழி வழங்கும் அறையில் முதல்நாளே அவள் வாயடைத்துப் போனால், அதை ‘அடங்கிவிட்டாள்’ என்று மெச்சுவது பிழை. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, மூன்று வயதையும் பள்ளிக் கட்டமைப்புக்குள் கொண்டுவந்தது. இயன்றவரை தாய்மொழியே பயிற்றுமொழி என்றும் உரைக்கிறது. ‘இயன்றவரை’ என்ற சொல்லின் எல்லை தாராவியில் எதுவரை நீள்கிறது என்பதே ஆய்வுக்குரிய வினா.

குழந்தையின் எடையை அளக்கிறோம். அதன் பேச்சையும் கேட்கவேண்டும். போர்டியில் பள்ளிதான் குழந்தையிடம் சென்றது. அந்த வழக்கத்தை மறந்துவிட்டால், ‘பால்வாடி’யில் நமக்கு எஞ்சுவது தமிழ்ப் ‘பால்’ மட்டுமே.