சித்தமும் சாத்தியமும்

லால்குடியில் நாங்கள் வாங்கிய வீட்டுக்கு வங்கி போட்ட மதிப்பு பூஜ்யம். மனைக்குத்தான் விலை, கட்டடத்துக்கு இல்லை. மதிப்பீடு செய்ய வந்தவர் ஹாலில் நின்று அண்ணாந்து பார்த்தார். "மெட்ராஸ் டெரஸ்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு எழுதினார். மோர் குடித்துவிட்டுப் போய்விட்டார். 80 வயது தாண்டிய கட்டடத்துக்கு மீதி ஆயுள் கிடையாது என்பது அவர்கள் கணக்கு. ஆயுள் இல்லாததற்குக் கடனும் இல்லை. மனைக்குக் கிடைத்த கடன், என் சேமிப்பு, அம்மாவின் வளையல் எல்லாம் சேர்ந்து வீடு எங்களுடையது ஆனபோது, கையில் மிஞ்சியது ஒரே ஒரு அறை கட்டுவதற்கான பணம்.

அம்மா இதுவரை 11 வாடகை வீடுகளில் இருந்திருக்கிறாள். அவற்றில் பாதியிலாவது வாசலிலேயே, "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்டிருக்கிறார்கள். இந்த வீட்டைக் காட்டிய புரோக்கரும் கேட்டார். விற்ற பாட்டி கேட்கவில்லை. "மழை பெஞ்சா ஒழுகாது கண்ணு, பின்னாடி ரூம் மட்டும் ஒழுகும்" என்றார். அதுதான் அவர் கொடுத்த ஒரே உத்தரவாதம். அது நூற்றுக்கு நூறு உண்மை என்று முதல் மழையிலேயே தெரிந்தது.

(லால்குடி என்றதும் லா.ச.ரா. நினைவு வருகிறவர்களுக்கு: ஆமாம், அந்த 'லா' இந்த ஊர்தான். எங்கள் தெருவுக்கு அதில் பங்கில்லை.)

மூலப் பத்திரம் 1936ஆம் ஆண்டு மனை வாங்கியபோது எழுதியது. பழுப்பு முத்திரைத்தாள், மடிப்பில் கிழிசல், நூல் போலச் சாய்ந்த கையெழுத்து. வக்கீல் குமாஸ்தா உதவியுடன் அரை நாள் உட்கார்ந்து படித்தேன். 'புத்திர பௌத்திர பாரம்பரியமாய்' ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது என்கிறது. மகன், மகனுடைய மகன். புத்திரிக்கு அதில் இடம் கிடையாது. 1989இல் தமிழ்நாட்டுச் சட்டத்திருத்தம் பூர்வீகச் சொத்தில் பெண்களுக்கும் சம பங்கு கொடுத்தது. பாட்டியின் மூன்று மகன்களோடு இரண்டு மகள்களும் பதிவு அலுவலகத்துக்கு வந்து கையெழுத்துப் போட்டார்கள். வாங்கியவளும் ஒரு மகள். பத்திரத்தின் மொழி எதிர்பார்க்காத கூட்டம்தான் அன்றைக்கு அந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தது.

அதே பத்திரத்தில் இன்னொரு வரி. நிதி, நிட்சேபம், ஜலம், பாஷாணம், அக்ஷிணி, ஆகாமி, சித்தம், சாத்தியம். அஷ்டபோகம் என்பார்கள். விஜயநகர காலத்துச் செப்பேடுகளில் ஊரையே தானம் கொடுக்கும்போது வருகிற அதே எட்டுச் சொற்கள், லால்குடியில் ஒரு மனை கைமாறும்போதும் அப்படியே வருகின்றன. புதையல், மண்ணுக்குள் வைத்தது, தண்ணீர், கல், இப்போது கிடைக்கும் பலன், இனி கிடைக்கப்போகும் பலன். கடைசி இரண்டும் என்னைப் பிடித்துக்கொண்டன. சித்தம் என்றால் ஏற்கெனவே ஆகி இருப்பது. சாத்தியம் என்றால் இனிமேல் ஆக்கிக்கொள்ள முடிவது. எழுதியவர் பழக்கத்தில் எழுதியிருப்பார். எனக்கோ அது, பின்னால் ஒரு அறை கட்டிக்கொள் என்று யாரோ சொன்ன மாதிரி இருந்தது.

சரி, ஆகி இருப்பது என்ன? அதைத் தெரிந்துகொள்ளாமல் கூடக் கட்ட முடியாது.

வாசலில் திண்ணை, உள்ளே 14 அடி நீள ஹால். 1938இல் கட்டியது. மேலே ஒன்பது தேக்குக் கட்டைகள், ஒன்றரை அடிக்கு ஒன்றாக. அவற்றின் மேல் ஒரு அங்குல கனமுள்ள சின்னச் செங்கற்களை விளிம்பில் நிறுத்தி, மூலையிலிருந்து குறுக்காக, சாய்வு வரிசையாக அடுக்கியிருக்கிறார்கள். அண்ணாந்து பார்த்தால் பாய் பின்னிய மாதிரி தெரியும். ஊரில் இதற்குப் பெயர் மட்டப்பா. கம்பெனி காலத்து இன்ஜினியர்கள் இங்கே பார்த்து, மெட்ராஸ் டெரஸ் என்று பெயர் வைத்து, கச்சேரி, பள்ளிக்கூடம், ரயில்வே குவார்ட்டர்ஸ் என்று போட்டுத் தள்ளினார்கள்.

இதில் எனக்கு ஆச்சரியம், கீழே முட்டுக் கொடுத்துப் பலகை அடிக்க வேண்டியதில்லை என்பது. கல் சின்னது, எடை குறைவு. சுண்ணாம்புச் சாந்து தடவி முந்தின வரிசையோடு அழுத்தினால் பிடித்துக்கொள்ளும். அடுத்த கல் வரும்வரை அது விழாமல் இருந்தால் போதும். அதற்கு மேல் மூன்று, நான்கு அங்குலத்துக்குச் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும். அதைச் சித்தாள் பெண்கள் வரிசையாகக் குந்தி உட்கார்ந்து மரப்பலகையால் நாள்கணக்கில் தட்டுவார்கள், கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்தபடி. தட்டுகிற பலகை எகிறி வந்தால்தான் தளம் இறுகியது என்று அர்த்தம். பிறகு தட்டோடு. வீட்டின் கூரை என்று நாம் சொல்வது உண்மையில் அந்தப் பெண்களின் தோள்பட்டை வலி. எந்தப் பத்திரத்திலும் அவர்கள் பெயர் இல்லை.

தேக்கு பர்மாவிலிருந்து வந்தது. 1885இல் பிரிட்டிஷார் மேல் பர்மாவைப் பிடித்ததற்குச் சொன்ன சாக்குகளில் ஒன்றே தேக்குதான். பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன் கணக்குக் காட்டாமல் மரம் வெட்டியது என்று தீபா மன்னரின் அரசு அபராதம் போட்டது. மாண்டலேக்குப் படை போய், மன்னர் ரத்னகிரிக்கு நாடு கடத்தப்பட்டார். அப்புறம் மரம் தங்குதடையில்லாமல் வந்தது. சென்னை மாகாணத்தின் நடுத்தர வீடுகள்கூட ரங்கூன் தேக்கில் நிலைக்கதவு வைத்தன.

ஹாலைத் தாண்டிச் சமையற்கட்டுக்குப் போனால் தேக்கு இல்லை. பனங்கை, மேலே மங்களூர் ஓடு. சின்ன வயதில் மாமனார் சொல்லக் கேட்டதைப் பாட்டி எனக்குச் சொன்னார்: "யுத்தத்துல தேக்கு வரலியாம். மாமனாரு பனையப் போட்டுட்டாரு. ஹால் மாதிரியே கட்டணும்னு இருந்தாராம், சாகுற வரைக்கும் சொல்லிட்டு இருந்தாரு." சமையற்கட்டு 1944. ரங்கூன் ஜப்பானியர் கையில் விழுந்தது 1942 மார்ச். அதோடு மரம் நின்றது, அரிசி நின்றது, லட்சக்கணக்கான இந்தியர்கள் காட்டுவழியே நடந்து வந்தார்கள், பலர் வழியிலேயே செத்தார்கள். அந்தச் சரித்திரம் எங்கள் வீட்டில் ஒரு வாசற்படி அகலத்தில் இருக்கிறது. இந்தப் பக்கம் தேக்கு, அந்தப் பக்கம் பனை. சமையற்கட்டை அவசரத்தில் கட்டிய மட்டம் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். வைரம் பாய்ந்த பனை, இன்றைக்கும் ஆணி இறங்க மறுக்கிறது.

மூன்றாவது, பின் அறை. 1961. இது கம்பி கட்டிய கான்கிரீட். பாட்டியின் கணவர், வேலை கிடைத்த கையோடு கட்டியது. டால்மியாபுரம் சிமென்ட் என்பதைப் பாட்டி இப்போதும் கொஞ்சம் பெருமையாகச் சொல்கிறார். டால்மியாபுரம் எங்களுக்கு அதே ரயில் பாதையில் வடக்கே இருக்கிறது. 1939இல் ஆலை வந்தது, ஊருக்கு முதலாளியின் பெயரும் வந்தது. கல்லக்குடி என்ற பழைய பெயர் வேண்டும் என்று 1953 ஜூலை 15 அன்று தி.மு.க. போராடியதும், கருணாநிதி தண்டவாளத்தில் படுத்ததும் தமிழ்நாட்டு அரசியலின் பாடப்புத்தகக் காட்சி. ஆலை அங்கே வந்ததற்குக் காரணம் பூமிக்கு அடியில் உள்ள சுண்ணாம்புக்கல். சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் அந்தப் பக்கமெல்லாம் கடல். ஹாலின் கூரையிலும் கடல்தான் இருக்கிறது, கிளிஞ்சலைச் சுட்ட சுண்ணாம்பாக. ஒன்று நேற்றைய கடல், இன்னொன்று ஆதிக்கடல். அவ்வளவுதான் வித்தியாசம் என்று கவித்துவமாக முடித்துக்கொள்ளலாம்தான், அறை ஒழுகாமல் இருந்திருந்தால்.

மூன்றிலும் வயது குறைந்தது பின் அறை. சீரழிந்ததும் அதுதான். கூரையிலிருந்து காரை பெயர்ந்து, துருப்பிடித்த கம்பிகள் விலா எலும்பு மாதிரி தொங்குகின்றன. இன்ஜினியர் விளக்கினார். சுண்ணாம்பு காற்றில் உள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல உறிஞ்சிக் கல்லாக மாறும். வயதாக வயதாக இறுகும். கான்கிரீட்டுக்குள் அதே வாயு போனால் கதை வேறு. கம்பியைத் துருவிலிருந்து காக்கும் காரத்தன்மையை அது தின்றுவிடும். கம்பி துருப்பிடித்து உப்பும், உப்பினால் கான்கிரீட் வெடிக்கும். கம்பிக்குக் கீழே போதுமான கனம் விடாமல் போட்ட பழைய தளங்களுக்கு இது சீக்கிரம் வரும். ஒரே காற்று, ஹாலைக் கல்லாக்கியது, பின் அறையைக் கொன்றது.

இவ்வளவையும் அழகாகச் சொல்லிவிட்டு, "எல்லாத்தையும் இடிச்சிடலாம் மேடம்" என்றார் அவரே. தரைத்தளம், முதல் தளம், கார் நிறுத்த இடம். பணம் இல்லை என்றதும் அடுத்த யோசனை: ஹாலை வைத்துக்கொண்டு மேலே மாடி. அதற்கும் அவரே பதில் வைத்திருந்தார். மட்டப்பா மாடியைத் தாங்காது, ஹாலுக்குள் தூண் இறக்க வேண்டும். எனக்கு ஹால் முக்கியம். அம்மாவுக்கு முழங்கால் முக்கியம், அவள் மாடி ஏற மாட்டாள்.

அம்மாவின் கேள்வி முதல் நாளிலிருந்து ஒன்றுதான்: "கக்கூஸ் எங்க?"

கொல்லைக் கடைசியில். சமையற்கட்டிலிருந்து 40 அடி, நடுவில் மூன்று படி. ராத்திரி எழுந்தால் டார்ச் எடுத்துக்கொண்டு போக வேண்டும். ஏன் அவ்வளவு தள்ளி? காற்றோட்டம், சுகாதாரம் என்று சொல்லிக்கொள்ளலாம். வீட்டின் பின்சுவரில், தரையை ஒட்டி, ஒன்றரை அடிக்கு ஒரு சதுரம் செங்கல் வைத்து அடைக்கப்பட்டிருக்கிறது. அதற்கு வெளியே ஆள் ஒருவர் மட்டும் போகக்கூடிய சந்து. பாட்டியிடம் கேட்டேன். "அது அந்தக் காலத்து எடுப்புக் கக்கூஸ்..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். அம்மா வேறு எங்கோ பார்த்தாள்.

வீட்டுக்குள் காலடி வைக்காமல், வீட்டாரின் மலத்தை அந்தச் சந்து வழியாக அள்ளிப் போவதற்குத்தான் அந்தச் சதுரம். எடுப்புக் கக்கூஸ் கட்டுவதையும் மனிதரை வைத்து அள்ளுவதையும் தடை செய்யும் சட்டம் 1993இல் வந்தது. அது போதாமல் 2013இல் இன்னொன்று. கட்டைக்கும் சுண்ணாம்புக்கும் நான் இத்தனை பக்கம் உருகியிருக்கிறேன். அந்தச் சதுரமும் ஒரு பொறியியல்தான், கவனமாக அளவெடுத்து வைத்த திறப்பு. பழைய வீட்டின் சித்தத்தில் அதுவும் சேர்த்தி. தேக்கை வைத்துக்கொண்டு இதை விட்டுவிட முடியாது.

கடைசியில் பிளான் இப்படி வந்தது. ஹாலும் சமையற்கட்டும் அப்படியே. தேக்குக் கட்டைகளின் சுவருக்குள் புதைந்த முனைகளைத் தட்டிப் பார்த்தோம். இரண்டு கரையான் அரித்தவை, அவற்றை மாற்ற வேண்டும். மொட்டைமாடியில் 90களில் யாரோ பூசிய சிமென்ட்டை உரித்துவிட்டுப் பழையபடி சுண்ணாம்பு. சிமென்ட் போர்வைக்குள் ஈரம் மாட்டிக்கொண்டால் மட்டப்பா செத்துவிடும் என்றார் கொத்தனார். வயது 70க்கு மேல், இந்த வேலையைக் கடைசியாகப் பிள்ளைப் பிராயத்தில் பார்த்தாராம். "தட்டுறதுக்கு ஆள் கெடைக்காது பாப்பா, நானும் என் மவளும்தான்" என்கிறார். நாள் கூடும், கூலியும் கூடும். 1961 அறை இடிகிறது. அந்த இடத்திலிருந்து பின்சுவர்வரை புதிய அறை, படி இல்லாமல், குளியலறையோடு. அது கம்பி கட்டிய கான்கிரீட்தான், வேறு வழியில்லை. கம்பிக்குக் கீழே விட வேண்டிய கனத்தை நானே ஸ்கேல் வைத்து அளப்பதாக இன்ஜினியரிடம் சொல்லியிருக்கிறேன்.

பிளான் தாளில் டிராஃப்ட்ஸ்மேன் இரண்டு நிறம் அடித்திருந்தார். முன்பகுதியில் 'எக்ஸிஸ்டிங்', பின்பகுதியில் 'புரொப்போஸ்ட்'. அம்மாவுக்கு விரித்துக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கட்டிலிலிருந்து குளியலறைக் கதவுவரை விரலால் நடந்து பார்த்தாள். அப்புறம் விரல் பின்சுவரில் நின்றது.

"அந்த ஓட்டை இங்கதான வரும்?"

"ஆமா."

"வேலை ஆரம்பிக்கிற அன்னிக்கு அதை மொதல்ல இடிக்கச் சொல்லு. நான் சேர் போட்டு உக்காந்துக்கறேன்."