பெயரில்லாமல் ஊர் சுற்றிய ஜவ்வரிசி

சேலத்துத் தட்டுவடை செட் நாடெங்கும் போகவில்லையே என்று குறைப்படுபவர்கள் உண்டு. அது போகாது. சின்னத் தட்டுவடைமேல் சட்னி தடவி, துருவிய கேரட், பீட்ரூட், வெங்காயம் வைத்து இன்னொரு தட்டுவடையால் மூடித் தருகிறார்கள். சற்றுத் தாமதித்தால் நமத்துவிடும். தள்ளுவண்டிக்கும் வாய்க்கும் நடுவே பாக்கெட்டுக்கு இடமே இல்லை.

பிகானேர் புஜியாவுக்கு அந்தத் தடை இல்லை. பாலைநிலத்தில் விளையும் மோத் பயற்று மாவில் இழையாகப் பிழிந்த காரம் அது. காற்றுப் புகாமல் கட்டிவைத்தால் மாதக்கணக்கில் தாங்கும். ஹல்திராம் என்ற செல்லப்பெயர் கொண்ட கங்கா பிஷன் அகர்வாலின் பிகானேர் கடை 1937இல் தொடங்கியதாகச் சொல்வார்கள். அது பின்னர் கொல்கத்தா, நாக்பூர், டெல்லி என்று கிளைவிட்டது. பெயர் யாருக்குச் சொந்தம் என்று குடும்பத்தாரே நீதிமன்றம் ஏறினார்கள். வழக்காடத் தக்க விலை அந்தப் பெயருக்கு இருந்தது என்பதுதான் இதில் நமக்குப் பாடம்.

சேலம், நாமக்கல் சமவெளியிலிருந்தும் நாடெங்கும் போன பண்டம் ஒன்று உண்டு: ஜவ்வரிசி. மகாராஷ்டிரத்தில் ஏகாதசிக்கும் சிவராத்திரிக்கும் தானியம் விலக்கி விரதமிருப்பவர்கள் சாபுதானா எனப்படும் ஜவ்வரிசியில் செய்த வடையும் கிச்சடியும் உண்கிறார்கள். அந்த மணிகளில் பெரும்பங்கு நம் ஆத்தூர், ராசிபுரம், சேந்தமங்கலம் பக்கத்துக் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி. தென் அமெரிக்காவிலிருந்து வந்த கிழங்கு எப்படி விரதத்துக்கு உகந்ததாயிற்று என்று எந்தச் சாஸ்திரியும் கேட்டதாகத் தெரியவில்லை, நல்லதாகப் போயிற்று!

தொழில் பிறந்தது போர்க்காலத்தில். இரண்டாம் உலகப் போரில் மலேயா, சிங்கப்பூர் வழியாக வந்த சேகோ என்னும் ஜவ்வரிசி நின்றுபோனது. பினாங்கில் செய்முறை அறிந்திருந்த போபட்லால் ஷாவும் சேலம் வணிகர் மாணிக்கம் செட்டியாரும் 1943 வாக்கில் மரவள்ளியில் அதைச் செய்து பார்த்தார்கள். அங்கே சேகோப் பனையின் தண்டிலிருந்து எடுத்த மாவை இங்கே கிழங்கிலிருந்து எடுத்தார்கள். தோலுரித்துக் கழுவி அரைத்து, பாலைப் பிழிந்து தொட்டியில் தெளியவிட்டால் மாவு அடியில் படியும். ஈரம் முழுக்க வடியாத அந்த மாவை உதிர்த்து, துணித் தொட்டிலில் போட்டுக் குலுக்குவார்கள். மணி மணியாகத் திரளும். ஈரம் கூடினால் களி, குறைந்தால் தூள். கைப்பழக்கம்தான் அளவுகோல். பிறகு சலித்து அளவு பிரித்து, சூட்டுத் தட்டில் வறுத்து, களத்தில் உலர்த்துவார்கள். கையால் செய்த பல வேலைகளை இன்று இயந்திரம் செய்கிறது. ஆனாலும் நம் ஊர் வெயிலுக்கு இன்னும் வேலை இருக்கிறது. மிஞ்சும் திப்பி மாட்டுக்கும் கோழிக்கும் தீவனமாகிறது.

1981இல் ஆலைக்காரர்கள் சேர்ந்து சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது பெரிய காரியம். சரக்கை இருப்பு வைக்கக் கிடங்கும், விற்க டெண்டரும் வந்தன. இடைத்தரகரின் பிடி தளர்ந்தது. ஆனால் அங்கிருந்து சரக்கு பெரும்பாலும் மூட்டையாகவே வெளியேறியது. வடக்கே ஒருவர் பிரித்துத் தன் பெயரில் பாக்கெட் போட்டார். வடை சுட்டவர்களுக்குச் சேலம் என்ற ஊரே தெரியாமல் போயிற்று.

பெயரில்லாத பண்டத்தில் கலப்படம் செய்பவனுக்குக் கூச்சம் கிடையாது. மக்காச்சோள மாவு கலப்பதும், வெளுப்புக்கு ரசாயனம் சேர்ப்பதும் நம் தொழிலின் பழைய வியாதிகள். அந்த நட்டம் கடைசியில் விவசாயி தலையில்தான் விடியும். அவர் கிழங்குக்கு மாவுச்சத்தைப் பாயிண்ட் கணக்கில் அளந்துதான் விலை. சோளமாவு கலந்த ஜவ்வரிசி விற்கும் சந்தையில் அவருடைய பாயிண்டுக்கு என்ன மதிப்பு இருக்கும்?

2023இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதே ஆண்டு மணப்பாறை முறுக்குக்கும் கிடைத்தது. ஆனால் முறுக்குக்கு ஊர்ப்பெயர் முன்பே ஒட்டியிருந்தது, ஜவ்வரிசிக்கு இனிமேல்தான் ஒட்ட வேண்டும். சான்றிதழைச் சட்டமிட்டு அலுவலகச் சுவரில் மாட்டிவைப்பதால் அது நடக்காது. ஆலை உரிமையாளர்களுக்கு ஒரு விண்ணப்பம்: மூட்டை வியாபாரத்தோடு நிற்காமல் அரைக்கிலோ, ஒரு கிலோ பாக்கெட்டாகவும் அனுப்புங்கள், கலப்பில்லாத சரக்கில் மட்டும், இந்தியிலும் மராத்தியிலும் பெரிய எழுத்தில் 'சேலம்' என்று அச்சிடுங்கள்.