சுழலும் திரள்களும் வானத்தின் தூரமும்

இரவிலே கடற்கரையில் நின்று கடலைப் பார்க்கிறவர்களுக்கு ஒரு சங்கடம் தெரிந்திருக்கும். தூரத்தில் ஒரு வெளிச்சம் தெரிகிறது. கரைக்கு அண்மையில் நிற்கும் வள்ளத்தில் எரிகிற குப்பி விளக்கா அது? அல்லது ஆழ்கடலில் எங்கோ எரிகிற பெற்றோமக்ஸா? கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ஒரு விளக்கு இரு மடங்கு தூரத்துக்குப் போனால் அதன் ஒளி நாலில் ஒரு பங்காகும். மூன்று மடங்கு தூரத்துக்குப் போனால் ஒன்பதில் ஒரு பங்காகும். விதி எளியது. ஆனால் எரிவது எந்த விளக்கு என்று தெரியாதவரை அந்த விதியால் எந்தப் பிரயோசனமும் இல்லை.

வானியலாளரின் சங்கடமும் இதுவேதான். வானில் தெரியும் ஒளியை அளக்கலாம்; அந்த ஒளியின் உண்மையான பலத்தை அறிவது எப்படி? சுருள் வடிவ விண்மீன் திரள்களைப் பொறுத்தவரை இந்தக் கேள்விக்குக் கிடைத்த மிக நல்ல விடைகளில் ஒன்று, அவை சுழலும் வேகத்தில் இருக்கிறது. அந்த விடை கிடைத்த வரலாற்றையும், கிடைத்த பின்னும் அறிஞர்கள் ஆளுக்கொரு கணக்குச் சொன்ன வரலாற்றையும் இன்று பார்க்கலாம்.

முதலில் நாம் நினைவுகூர வேண்டியவர் ஹென்றியெற்றா லெவிற் என்ற பெண்மணி. அமெரிக்காவின் ஹாவர்ட் அவதான நிலையத்திலே புகைப்படத் தட்டுகளை ஆராய்வது அவருடைய வேலை. சிறிய மகெல்லன் முகிலில் உள்ள 25 நட்சத்திரங்களை அவர் ஒப்பிட்டுப் பார்த்தார். செபீட் எனப்படும் அந்த நட்சத்திரங்களின் ஒளி ஒழுங்காகக் கூடிக் குறையும். கூடிக் குறைய எடுக்கும் காலம் நீண்டதாக இருந்தால், அந்த நட்சத்திரத்தின் உண்மை ஒளியும் அதிகமாக இருக்கிறது என்பதை 1912 இல் அவர் காட்டினார். தூரத்து விளக்கை இனங்காணும் வழியொன்று அப்போது கிடைத்தது.

ஆனால் வானில் மங்கலாகத் தெரிந்த சுருள் வடிவங்களில் அப்படியொரு நட்சத்திரத்தை அதுவரை யாரும் கண்டதில்லை. அவை நமது பால்வீதிக்குள் இருக்கும் முகில்களா, அல்லது வெளியே தனித்தனியாக நிற்கும் பெருந்தீவுகளா? 1920 ஆம் ஆண்டு வாஷிங்டனில் ஷாப்லி, கேர்ட்டிஸ் என்ற இருவர் இந்தக் கேள்வியை ஒரே மேடையில் விவாதித்தார்கள். முடிவு ஏற்படவில்லை.

அந்த விவாதம் நடந்து இரண்டு ஆண்டுகளில், எஸ்தோனியா நாட்டின் தார்து நகரிலிருந்து எர்ன்ஸ்ட் ஓப்பிக் என்ற இளைஞர் ஒரு சிறு கட்டுரை எழுதினார். கலிபோர்னியாவின் மவுண்ட் வில்சனில் பிரான்சிஸ் பீஸ் என்பவர், அந்திரோமீடாவின் நிறமாலையைப் பல இரவுகளாக, ஏறத்தாழ 80 மணித்தியாலம் ஒளிபட வைத்துப் படம் பிடித்து, அது சுழலும் வேகத்தை அளந்திருந்தார். அந்த அளவை எடுத்துக்கொண்டு ஓப்பிக் இப்படி யோசித்தார். சுழலும் பொருள் சிதறிப் போகாமல் இருக்க வேண்டுமானால், அதைப் பிடித்து வைக்கப் போதிய ஈர்ப்பு இருக்க வேண்டும். சுழற்சி வேகமாக இருந்தால் நிறை அதிகம். நிறை அதிகமானால் நட்சத்திரங்கள் அதிகம். நட்சத்திரங்கள் அதிகமானால் ஒளியும் அதிகம். நமது பால்வீதியில் இவ்வளவு நிறைக்கு இவ்வளவு ஒளி என்ற கணக்கு அங்கேயும் பொருந்தும் என்று வைத்துக்கொண்டால், அந்திரோமீடாவின் உண்மை ஒளி வந்துவிடும். அதிலிருந்து தூரமும் வந்துவிடும். அவருக்குக் கிடைத்த விடை ஏறத்தாழ 15 இலட்சம் ஒளியாண்டு.

1923 ஒக்ரோபரில் எட்வின் ஹபிள் அதே அந்திரோமீடாவில் ஒரு செபீட் நட்சத்திரத்தைக் கண்டார். லெவிற் கண்ட விதியைக் கொண்டு அவர் கணக்கிட்ட தூரம் ஏறத்தாழ 9 இலட்சம் ஒளியாண்டு. உலகம் ஹபிளையே நம்பியது. அதில் நியாயமும் இருந்தது. ஹபிள் கண்டது ஒரு தனி நட்சத்திரத்தை. ஓப்பிக் நின்றதோ ஓர் ஊகத்தின் மேல். ஆனால் இன்று நாம் அறிந்த தூரம் ஏறத்தாழ 25 இலட்சம் ஒளியாண்டு! இருவருடைய விடையும் குறைவுதான். எனினும் உண்மைக்குக் கூடக் கிட்ட நின்றவர் ஓப்பிக். செபீட்களில் இரண்டு வகை உண்டு, அவற்றை ஒன்றாகக் கலந்து கணக்கிட்டதால் தூரம் குறைந்து போயிற்று என்பதை 1952 இல் வால்ற்றர் பாடே எடுத்துச் சொன்ன பிறகே ஹபிளின் அளவுகோல் இரு மடங்காக நீண்டது.

செபீட் நட்சத்திரங்களுக்கு இன்னொரு குறையும் உண்டு. பூமியிலிருந்த தொலைகாட்டிகளால் அவற்றை அண்டை அயலில் உள்ள திரள்களில் மாத்திரமே பிரித்துப் பார்க்க முடிந்தது. அதற்கப்பால் போக வேறு அளவுகோல் தேவைப்பட்டது. அந்த அளவுகோலைத் தந்தது வானொலி.

ஆம், நேயர்களே, வானொலியேதான். ஐதரசன் அணு தானாகவே 21 சென்ரிமீற்றர் அலைநீளத்தில் ஒரு மெல்லிய அலையை வெளிவிடும் என்று 1944 இல், ஒல்லாந்து நாடு ஜேர்மன் படையின் பிடியில் இருந்த வேளையில், வான் டி ஹுல்ஸ்ட் என்ற மாணவர் லைடன் நகரில் கணக்கிட்டுச் சொன்னார். தனியொரு அணு அந்த அலையை விடுவதற்குச் சராசரியாக ஒரு கோடி ஆண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டும். ஆயினும் விண்வெளியில் ஐதரசன் கணக்கில்லாமல் கிடக்கிறது. ஆகவே ஒலிபரப்பு ஓய்வதில்லை. 1951 மார்ச் 25 ஆம் திகதி ஹாவர்டில் ஹரல்ட் ஈவன், எட்வேர்ட் பேர்செல் ஆகிய இருவரும் அந்த அலையைப் பிடித்தார்கள். ஆய்வுகூட யன்னலுக்கு வெளியே நீட்டியிருந்த ஒரு பெரிய புனல்தான் அவர்களுடைய அன்ரனா. மழை பெய்தால் தண்ணீர் அதன் வழியாக அறைக்குள்ளே வந்துவிடும். பனிக்காலத்தில் மாணவர்கள் அதற்குள் பனிக்கட்டி உருண்டைகளை எறிந்து விளையாடுவார்களாம்.

இந்த அலைக்கும் தூரத்துக்கும் என்ன தொடர்பு? ஒரு திரள் சுழலும்போது அதன் ஒரு பக்கம் நம்மை நோக்கி வருகிறது. மறுபக்கம் நம்மை விட்டு விலகுகிறது. வருகிற புகையிரதத்தின் ஊதல் உரத்த சுருதியிலும், போகிற புகையிரதத்தின் ஊதல் தாழ்ந்த சுருதியிலும் கேட்பதுபோல, ஒரு பக்கத்து அலை சற்றுக் குறுகும்; மறுபக்கத்து அலை சற்று நீளும். வானொலிப் பெட்டியின் முள்ளைத் திருப்பும்போது ஒரு நிலையம் ஒரே புள்ளியில் கேட்காமல் அகன்ற ஓர் இடத்தில் கேட்டால் எப்படியிருக்கும்? அப்படித்தான் அந்தத் திரளின் ஐதரசன் அலையும் அகன்று கேட்கும். அந்த அகலமே சுழற்சி வேகத்தின் அளவு. இதில் முக்கியமான ஒன்று உண்டு. தூரம் கூடக்கூட ஒளி மங்கும். அலையின் அகலம் மாறாது. தூரத்தால் கெடாத ஓர் அடையாளம் வானியலாளரின் கைக்கு வந்துவிட்டது.

அந்த அடையாளத்தை ஒளியோடு பொருத்திப் பார்த்தவர்கள் பிரென்ட் ரலி, ரிச்சர்ட் பிஷர் என்ற இருவர். இருவரும் மேரிலண்ட் பல்கலைக்கழகத்தில் ஒன்றாக ஆராய்ச்சி மாணவர்களாக இருந்தவர்கள். பின்னர் ரலி ஹவாய்ப் பல்கலைக்கழகத்துக்கும், பிஷர் மேற்கு வேர்ஜினியாவில் கிறீன் பாங்க் என்ற இடத்தில் உள்ள வானொலி அவதான நிலையத்துக்கும் போனார்கள். தூரம் ஏற்கெனவே ஓரளவு தெரிந்த அயல் திரள்களை எடுத்து, அலையின் அகலத்தை ஒரு பக்கத்திலும் உண்மை ஒளியை மறுபக்கத்திலும் குறித்தார்கள். புள்ளிகள் ஒரு கோட்டில் விழுந்தன. வேகமாகச் சுழல்பவை பிரகாசமானவை. மெதுவாகச் சுழல்பவை மங்கலானவை. அந்தக் கோட்டைக் கொண்டு கன்னி ராசித் திக்கில் உள்ள பெருந்திரள் கூட்டத்தின் தூரத்தைக் கணித்தார்கள். 1977 இல் அவர்களுடைய கட்டுரை அச்சாயிற்று. ரலி–பிஷர் தொடர்பு என்று இன்று வழங்குவது இதுவே.

இனித்தான் கதையில் சண்டை வருகிறது. பிரபஞ்சம் விரிகிறது என்பது 1929 இலேயே தெரிந்த செய்தி. 32.6 இலட்சம் ஒளியாண்டு தூரத்துக்கு ஒருமுறை, விலகும் வேகம் செக்கனுக்கு எத்தனை கிலோமீற்றரால் கூடுகிறது? அந்த எண்ணுக்கு ஹபிள் எண் என்று பெயர். சாண்டேஜ், தம்மான் ஆகிய இருவர் அது 50க்குக் கிட்ட என்றார்கள். டி வோகூலேர் 100க்குக் கிட்ட என்றார். இது வெறும் எண் விளையாட்டு அல்ல. விரிவு எப்போதும் ஒரே வேகத்தில் நடந்ததாகக் கொண்டால், 50 என்றால் பிரபஞ்சத்தின் வயது ஏறத்தாழ 2,000 கோடி ஆண்டு. 100 என்றால் அதில் பாதி. ரலியும் பிஷரும் தமது புதிய அளவுகோலால் பெற்ற எண் 80. ஆனால் அவர்களுடைய கட்டுரை அச்சாவதற்கு முன்னரே, 1976 இல், சாண்டேஜும் தம்மானும் அதே அலை அகல முறையைக் கையாண்டு ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அவர்களுக்கு வந்த எண் பழையபடி 50க்குக் கிட்ட!

ஒரே அளவுகோல், இரண்டு விடை. எப்படி நேர்ந்தது? யாரும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொரு படியிலும் ஒரு திருத்தம் செய்ய வேண்டியிருந்தது. ஒவ்வொரு திருத்தத்திலும் கருத்து வேறுபாட்டுக்கு இடம் இருந்தது. திரள் நமக்கு நேர் முகம் காட்டி நின்றால் சுழற்சி நமக்குத் தெரியாது, அலை அகலாது. ஓரப்பாடாக நின்றால் சுழற்சி நன்றாகத் தெரியும்; ஆனால் அதன் தூசி ஒளியை மறைத்துவிடும். ஆகவே சரிவு எவ்வளவு, தூசி எவ்வளவு என்று இரண்டையும் கணித்துத் திருத்த வேண்டும். தூரத்தில் உள்ள கூட்டங்களில் பிரகாசமானவை மாத்திரம் கண்ணிற்பட்டு மங்கலானவை தப்பிவிடுவதால், தூரத்தைக் குறைவாக மதிப்பிடும் ஆபத்தும் இருந்தது. இவை எல்லாவற்றுக்கும் மேலாக, கோட்டைக் கீற உதவிய அயல் திரள்கள் மிகச் சில. அவற்றின் தூரத்திலேயே இரு தரப்பாருக்கும் உடன்பாடு இல்லை.

தூசிச் சிக்கலுக்கு 1979 முதல் ஒரு மருந்து கிடைத்தது. மார்க் ஆரன்சன், ஜோன் ஹுக்ரா, ஜெரமி மோல்ட் ஆகிய மூவரும் நீல ஒளிக்குப் பதிலாகச் செங்கீழ்க் கதிரில் ஒளியை அளந்தார்கள். அந்தக் கதிர் தூசியை ஊடுருவி வரும். கோடு முன்னிலும் ஒழுங்காயிற்று. சுழற்சி இரு மடங்கானால் உண்மை ஒளி 12 முதல் 16 மடங்கு வரை கூடுவது தெரிந்தது. ஆயினும் 1980 இல் அவர்கள் சொன்ன ஹபிள் எண் 90க்கு மேல். கோடு ஒழுங்கானதால் சண்டை தீரவில்லை. அளவுகோலின் முதலாவது குறி எங்கே விழ வேண்டும் என்பது இன்னும் தெரியாதிருந்தது.

இந்த வேலைக்கு இழப்புகளும் உண்டு. 1987 ஏப்ரல் 30 ஆம் திகதி அரிசோனாவின் கிற் பீக் மலையில், தொலைகாட்டிக் கட்டடத்தின் சுழலும் கூரையில் நேர்ந்த விபத்தில் ஆரன்சன் உயிரிழந்தார். அப்போது அவருக்கு வயது 36. மறு ஆண்டு நவம்பர் 15 ஆம் திகதி இரவு, ரலியும் பிஷரும் தம் திரள்களுக்குச் செவிகொடுத்த கிறீன் பாங்க்கின் 300 அடித் தொலைகாட்டி, ஓர் இணைப்புத் தகடு முறிந்ததால் முழுவதுமாகச் சரிந்து விழுந்தது. நல்லவேளை, கடமையில் இருந்தவருக்குக் காயம் எதுவும் இல்லை.

முதலாவது குறியைச் சரியான இடத்தில் வைத்தது ஹபிளின் பெயரையே தாங்கிய விண்வெளித் தொலைகாட்டி. 1990 இல் மேலே போய், 1993 டிசம்பரில் பார்வைக் குறை திருத்தப்பட்ட அது, முன்னர் எட்டாத திரள்களிலும் செபீட் நட்சத்திரங்களைப் பிரித்துக் காட்டியது. வென்டி பிரீட்மனும் மோல்ட்டும் கெனிக்கற்றும் தலைமை தாங்கிய குழு 2001 இல் வெளியிட்ட எண் 72. கூடினால் குறைந்தால் 8. சுழற்சி முறையால் மாத்திரம் வந்த எண் 71. லெவிற்றின் நட்சத்திரம் தூரத்தைக் குறித்துக் கொடுக்க, ஓப்பிக்கின் சுழற்சி அங்கிருந்து அப்பால் நடந்தது. 50க்கும் 100க்கும் இடையே நடந்த கால் நூற்றாண்டுச் சண்டை நடுவிலே வந்து ஓய்ந்தது.

ரலி அதோடு நிற்கவில்லை. தூரம் தெரிந்தால், விரிவின் வேகத்தைக் கழித்துவிட்டு ஒவ்வொரு திரளும் எந்தப் பக்கம் இழுபடுகிறது என்பதையும் பார்க்கலாம். அவரும் தோழர்களும் 2014 இல், நமது பால்வீதி அடங்கிய 50 கோடி ஒளியாண்டு அகலமான பெருந்தொகுதியை வரைந்து காட்டி, ‘லனியாக்கெயா’ என்று பெயரிட்டார்கள். ஹவாய் மொழியில் அதற்கு ‘அளவிறந்த வானம்’ என்று பொருள்.

ஆனால் கணக்கு முடிந்துவிடவில்லை. ரலியின் குழு ஏறத்தாழ 56,000 திரள்களின் தூரங்களைத் தொகுத்துப் பின்னர் பெற்ற எண் 75க்குக் கிட்ட. பிரபஞ்சத்தின் ஆதி ஒளியை அளந்த பிளாங்க் விண்கலத்தின் தரவுகளிலிருந்து 2018 இல் வந்த எண் 67.4. இரண்டு பகுதியாரும் தமது பிழையெல்லை மிகச் சிறியது என்கிறார்கள். 50க்கும் 100க்கும் இருந்த இடைவெளியோடு ஒப்பிட்டால் இது ஒரு சாண்தான். எனினும் அந்தச் சாணுக்குள்ளே இருப்பது அளவையின் தவறா, இயற்கையின் புதியதொரு விதியா என்பதே இன்றைய கேள்வி.

1976 இன் அனுபவம் இங்கே கைகொடுக்கிறது. தாம் எதிர்பார்த்த விடை வந்ததும் திருத்தத்தை நிறுத்திவிடுவது மனித சுபாவம். அதை வெல்ல வானியலாளர் கண்ட வழி, ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத இரண்டு முறைகளால் அளந்து ஒத்துப் பார்ப்பது. ஓப்பிக் 1985 வரை வாழ்ந்தார். 1922 இல் அவர் ஊகமாகச் சொன்னது, தம் வாழ்நாளிலேயே உலகெங்கும் கையாளும் அளவுகோலாக மாறியதை அவர் பார்க்கக்கூடிய காலம் அது. கார்த்திகை, மார்கழியில் மழை விட்டு வானம் வெளித்த இரவொன்றில் வடக்கு வானை நிமிர்ந்து பாருங்கள். மங்கிய புகைத் துண்டுபோல வெறுங்கண்ணுக்கே தெரியும் அந்திரோமீடாதான் அவர் அளந்த திரள்.