மூச்சை ஏந்திய கைகள்

மருத்துவ வரலாற்றை எழுதியோர் கத்தியேந்திய சத்திரவைத்தியரைப் பற்றியே மிகுதியாக எழுதியுள்ளனர். நோயாளியின் தலைமாட்டில் அமர்ந்து, இறப்பர்ப் பையொன்றைக் கையிற் பிடித்தபடி மணிக்கணக்காக அவனது மூச்சைக் காத்துநின்ற மயக்கமருந்து வைத்தியர் அவ்வரலாற்றிற் பெரும்பாலும் அடிக்குறிப்பாகவே இடம்பெறுகின்றார். 1952 ஆம் ஆண்டிலே டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனில் நிகழ்ந்தவற்றை அறிந்தோர் இந்த ஒழுங்குமுறையை ஏற்கமாட்டார்கள்.

நாம் நினைந்து நினைந்து மூச்சு விடுவதில்லை. எமது மாணவர் படம் வரைந்து பெயர் குறித்துவிட்டு மறந்துபோகும் நீள்வளைய மையவிழையத்திலே, மூளையின் அடிப்பாகத்தில், சில நரம்புக்கலக் கூட்டங்கள் அத்தாளத்தை ஓயாது வகுத்துக்கொண்டிருக்கின்றன. பிரெஞ்சு அறிஞர் லெகலுவா 1812 இல் இவ்விடத்தைப் பரிசோதனைகள் மூலம் சுட்டிக்காட்டினார். இக்கலங்களை முதன்மையாகத் தூண்டுவது, பலரும் எண்ணுவதுபோல, ஒட்சிசனின் குறைவு அன்று. குருதியிற் சேரும் காபனீரொட்சைட்டின் மிகுதியே ஆகும்.

அபினிலிருந்து பெறப்படும் மோர்பின் நோவை அடக்கும்போதே இக்கலங்களையும் அடக்குகின்றது. காபனீரொட்சைட்டு ஏறிக்கொண்டே போகும். மூளையோ அதனைப் பொருட்படுத்தாது. மூச்சு முட்டும் தவிப்புக்கூட எழுவதில்லை. நோயாளி உறங்குவதாகவே பார்ப்போர் எண்ணுவர். தயோபென்டோன் முதலிய மயக்கமருந்துகளும் மூளையையே அடக்குவன. குராரேயின் வழி வேறு. தென்னமெரிக்கப் பழங்குடி மக்கள் அம்பு நுனியிலே பூசிய அந்த நஞ்சு மூளையைத் தீண்டுவதில்லை. மூளையின் கட்டளை நரம்புவழி வந்துசேரும், தசை கீழ்ப்படியாது. 1942 இல் மொன்றியல் நகரில் கிரிஃபித் என்னும் வைத்தியர் அதனைச் சத்திரசிகிச்சைக்குப் பயன்படுத்தினார். அதன்பின், தானாக மூச்சுவிட இயலாத மனிதனைப் பையை அழுத்தி உயிரோடு வைத்திருத்தல் மயக்கமருந்து வைத்தியரின் அன்றாடத் தொழிலாயிற்று. மூச்சு நிற்பதும் உயிர் போவதும் ஒன்றல்ல என்பதைக் கைப்பழக்கத்தால் அறிந்திருந்தவர்கள் அவர்களே.

1952 கோடையில் கோபன்ஹேகனை இளம்பிள்ளைவாதம் தாக்கியது. தொற்றுநோயாளரை ஏற்கும் பிளெக்டாம் வைத்தியசாலைக்கு ஒரே நாளில் ஐம்பது பேர் வரை கொண்டுவரப்பட்டனர். தசைகளை இயக்கும் நரம்புக்கலங்களையே இந்நோய்க் கிருமி அழிப்பதால், பலருக்கு நெஞ்சுத் தசைகளும் விழுங்கும் தசைகளும் செயலிழந்தன. அங்கிருந்தவையோ உடல் முழுவதையும் உள்ளடக்கும் சுவாசப் பொறி ஒன்றும், நெஞ்சின்மேற் பொருத்தும் சிறு பொறிகள் ஆறும் மாத்திரமே. முதல் மூன்று வாரங்களில் இப்பொறிகளில் வைத்துப் பராமரிக்கப்பட்ட 31 பேரில் 27 பேர் இறந்தனர்.

கிருமி மூளையை முற்றாக அழித்துவிட்டது, இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்பதே வைத்தியர்களின் எண்ணமாக இருந்தது. குருதிப் பரிசோதனையிற் காபனீரொட்சைட்டின் மொத்த அளவு உயர்ந்து காணப்பட்டது. அதனையும் அவர்கள் காரணம் விளங்காத காரத்தன்மை எனக் கொண்டனர். கண்ணெதிரே கிடந்த சான்று தவறாக வாசிக்கப்பட்டது! தலைமை வைத்தியர் லாசெனுக்கு பியோர்ன் இப்சென் என்னும் மயக்கமருந்து வைத்தியரை அழைக்குமாறு யோசனை கூறியவர் பியோர்னெபோ என்னும் இளைய வைத்தியர். பொஸ்டனிற் பயின்று திரும்பியிருந்த இப்செனுக்கு அப்போது முப்பத்தாறு வயது. வியர்த்து, குருதியமுக்கம் ஏறிக் கிடந்த அந்நோயாளரின் தோற்றம் அவருக்குப் புதிதன்று. சத்திரசிகிச்சை மேசையில் மூச்சுப் போதாதவரிடத்து அவர் கண்டு பழகியதே அது. இவர்கள் காபனீரொட்சைட்டு வெளியேறாமையாலே சாகிறார்கள் என்றார் அவர்.

ஓகஸ்ட் 27 ஆம் திகதி, சாவின் விளிம்பில் இருந்த பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியின்மீது அவர் தமது கருத்தை மெய்ப்பிக்க முற்பட்டார். கழுத்திலே துளையிட்டு வாதனாளியிற் குழாய் செலுத்தப்பட்டது. ஆனால் காற்று உட்செல்லவில்லை. சிறுமி திமிறினாள், சுவாசக் குழாய்கள் இறுகிப் பை அசைய மறுத்தது. அப்போது இப்சென் செய்த காரியம் பார்த்து நின்றோருக்குப் பேதைமையாகத் தோன்றியிருக்கும். மூச்சின்றித் தத்தளிக்கும் குழந்தைக்கு, மூச்சை அடக்கும் தயோபென்டோனை ஊசிமூலம் ஏற்றினார். அவளிடம் எஞ்சியிருந்த சொந்த மூச்சும் நின்றது, திமிறலும் அடங்கிற்று. இப்சென் பையை அழுத்தினார், நெஞ்சு உயர்ந்தது. சிறிது நேரத்தில் குருதியின் காபனீரொட்சைட்டு இறங்கிற்று. மீண்டும் பொறிக்கு மாற்றியபோது அது ஏறிற்று. பையினால் திரும்பவும் இறங்கிற்று. விவாதம் அத்துடன் முடிந்தது.

வழி தெரிந்தது, அழுத்துவதற்குக் கைகள் எங்கே? பணம் கொடுத்தாலும் அந்த வாரத்திலேயே போதிய பொறிகளைப் பெற்றுவிட இயலாது. மருத்துவ மாணவர் அழைக்கப்பட்டனர். முறைவைத்து, பகலிலும் இரவிலும், ஒருவர் ஒரு நோயாளியின் அருகில் அமர்ந்து பையை அழுத்தினர். ஒரு கட்டத்தில் ஏறத்தாழ எழுபது நோயாளரின் மூச்சு ஒரே நேரத்தில் மாணவரின் கைகளிற் தங்கியிருந்தது. சுமார் 1500 மாணவர் பங்குகொண்டனர். அவர்கள் உழைத்த நேரம் 165,000 மணித்தியாலம் என மதிப்பிடப்பட்டது. நோயாளருட் பலர் குழந்தைகள். முழு நினைவோடு கிடந்தவர்கள். அக்குழந்தைகளின் கண்ணைப் பார்த்தே அழுத்தம் போதுமா, மிகையா என்பதை மாணவன் அறிந்துகொள்ள வேண்டியிருந்தது. சிலர் தம் கையிற் பை இருக்கும்போதே குழந்தை இறப்பதையும் கண்டனர். நூற்றுக்கு 87 ஆக இருந்த இறப்பு வீதம் நாளடைவில் 25 அளவிற்குக் குறைந்தது. பொறிகளை இகழ்வதற்காக இதைக் கூறவில்லை. இன்றைய சுவாசப் பொறிகளுக்கும் இந்தக் கைகளே முன்மாதிரி. அடுத்த ஆண்டு டிசெம்பரில் இப்சென் அதே நகரின் மாநகர வைத்தியசாலையில் தீவிர சிகிச்சைப் பிரிவொன்றைத் தொடங்கினார்.

இந்த அறிவு இன்று எவருக்கும் மறைவானதன்று. மூளையடியில் மூச்சுத்தாளத்தை ஆக்கும் சிறு கலக்கூட்டம் 1991 இல் இனங்காணப்பட்டது; அபின் வகை மருந்துகள் மூளையிற் பற்றும் இடங்கள் 1973 இலேயே கண்டறியப்பட்டன. அம்மருந்தை அவ்விடத்திலிருந்து தள்ளி மூச்சை மீட்கும் நாலொக்சோன் அமெரிக்காவில் 1971 முதல் அனுமதிக்கப்பட்ட மருந்து. எனினும் 1996 இல் ஒக்ஸிகொன்டின் என்ற நோவடக்கியைச் சந்தைக்குக் கொண்டுவந்த பர்டியூ நிறுவனம் அதன் அடிமைப்படுத்தும் ஆற்றலைக் குறைத்துக்காட்டி விற்றது. அதன் தொடர்புடைய நிறுவனம் 2007 இலும், அதுவே 2020 இலும் நீதிமன்றில் குற்றத்தை ஒப்புக்கொண்டன. சட்டவிரோத பென்டனில் பின்னர் அந்தச் சந்தையைப் பிடித்துக்கொண்டது. 2021 இல் மட்டும் அமெரிக்காவில் அபின் வகைப் பொருள்கள் சம்பந்தப்பட்ட மிகைநுகர்வினால் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். சத்திரசிகிச்சைக் கூடத்தில் அதே பென்டனில் நாள்தோறும் ஏற்றப்படுகின்றது; அங்கே மூச்சு அடங்கினாலும் நோயாளி சாவதில்லை, தலைமாட்டில் ஒருவர் இருக்கிறார். மாண்டோருட் பலருக்கு அந்த ஒருவர் இருக்கவில்லை.

கோபன்ஹேகன் சிறுமி பிழைத்தாள். கழுத்துக்குக் கீழே அசைவற்றவளாகவும், மூச்சுக்குத் துணை வேண்டியவளாகவும் 1971 வரை வாழ்ந்தாள்.