கம்பீ ஆற்றை அறிந்தவர்கள்: அமெரிக்க உள்நாட்டுப் போரில் கறுப்பினப் பெண்களின் உளவுப்பணி



பெண் உளவாளி என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருபவர் மாதா ஹரி. 1917 அக்டோபரில் பிரெஞ்சு இராணுவம் அவரைச் சுட்டுக் கொன்றது. அதன்பின் வந்த திரைப்படங்களும் துப்பறியும் நாவல்களும் ஒரே உருவத்தைத் திரும்பத் திரும்ப வார்த்தன: பட்டாடை, நடனம், படுக்கையறை, அதிகாரியின் சட்டைப்பையிலிருந்து நழுவும் கடிதம். பெண்ணிடம் உடலைத் தவிர வேறு ஆயுதம் இருக்காது என்று நம்பும் ஆண்மனம் செய்த உருவம் அது.

இன்றைய நினைவுச் சொற்பொழிவுக்கு நாம் எடுத்துக்கொண்ட பெண்கள் துணி துவைத்தவர்கள், சமைத்தவர்கள், நெல் வயலில் முழங்கால் சேற்றில் நின்றவர்கள். 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில், அடிமைமுறையைக் காக்க நின்ற தென்மாநிலங்களின் இரகசியங்களை வடக்கின் படைக்குக் கொண்டுசேர்த்தவர்கள்.

தலித் இலக்கிய மேடையில் அமெரிக்கக் கதை எதற்கு என்று யாரேனும் கேட்கலாம். ஜோதிராவ் புலே 1873இல் 'குலாம்கிரி'யை வெளியிட்டபோது, அடிமைமுறையை ஒழித்த அமெரிக்க மக்களுக்கே அதைக் காணிக்கையாக்கினார். போர் முடிந்து எட்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. எங்கோ கடலுக்கு அப்பால் நடந்த போரை அவர் நம் வீட்டு விவகாரமாகப் பார்த்தார். அந்தப் பார்வையைத்தான் நாமும் கைக்கொள்கிறோம்.

ஆண்டைகளின் வீட்டில் ஒரு பழக்கம் இருந்தது. உணவு மேசையைச் சுற்றி அமர்ந்து படைநகர்வு பேசுவார்கள், பணம் பேசுவார்கள், யார் எங்கே காவல் என்று பேசுவார்கள். பரிமாறுகிற கறுப்பினப் பெண் பக்கத்தில் நிற்பாள். அவளுக்குக் காது இருக்கிறது என்பதே அவர்கள் நினைவில் இருக்காது. நாற்காலிக்கு முன்னால் யாரும் குரலைத் தாழ்த்திப் பேசுவதில்லை அல்லவா? தென்மாநிலங்களில் அடிமைகளுக்கு எழுத்தறிவிப்பது பெரும்பாலும் சட்டப்படி குற்றம். ஆகவே மேசைமேல் கிடக்கும் காகிதத்தை அவள் பார்த்தாலும் அச்சமில்லை என்று நினைத்தார்கள். இழிவாகப் பார்க்கிறவன் தன் கண்ணைத் தானே கட்டிக்கொள்கிறான். அந்தக் கட்டுக்குள் இருந்தபடி வேலை பார்த்தவர்கள் தந்த தகவல்களுக்கு வடக்கின் படையினர் 'கறுப்புச் செய்திகள்' என்றே பெயர் வைத்திருந்தார்கள்.

இங்கே ஒரு வேறுபாட்டையும் சொல்லிவிட வேண்டும். அங்கே கறுப்பினப் பெண் சமைத்ததை வெள்ளையர் உண்டார்கள்; அவள் பால் கொடுத்து அவர்கள் பிள்ளைகள் வளர்ந்தன. இங்கே நம் பாட்டிகளுக்குக் கொல்லைப்புறத்தைத் தாண்ட அனுமதியில்லை. தீட்டு என்ற ஒன்று அங்கே இந்த வடிவத்தில் இல்லை. சாதியையும் நிறத்தையும் ஒன்றென்று அவசரமாகச் சமன்படுத்திவிடக் கூடாது. ஆனால் 'இவளுக்கு என்ன தெரியும்' என்ற அந்த ஒரு சொல் இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

தென்னகத்தின் தலைநகர் வர்ஜீனியாவின் ரிச்மண்ட். அங்கே எலிசபெத் வான் லூ என்ற வசதி படைத்த வெள்ளைப் பெண்மணி வடக்கிற்காக ஓர் உளவு வலைப்பின்னலை நடத்தினார். அந்த வலையில் இருந்தவர் மேரி ஜேன் ரிச்சர்ட்ஸ். வான் லூ குடும்பத்தில் அடிமையாக இருந்து, அவர்களாலேயே படிக்க அனுப்பப்பட்டு, லைபீரியா வரை போய்த் திரும்பியவர். பிற்காலத்தில் 'மேரி பவுசர்' என்ற பெயரில் அவரைப் பற்றிப் பெரிய கதை வளர்ந்தது. தென்னகத் தலைவர் ஜெஃபர்சன் டேவிஸின் வீட்டிலேயே பணிப்பெண்ணாகச் சேர்ந்தாராம். ஒருமுறை பார்த்த கடிதத்தை வரி பிசகாமல் ஒப்பிப்பாராம். 1995இல் அமெரிக்க இராணுவ உளவுத்துறை அவரைத் தன் புகழ்வரிசையில் சேர்த்தது. பல ஆண்டுகள் அவருடையது என்று சுற்றிவந்த புகைப்படம், அதே பெயருடைய வேறொரு பெண்ணுடையது என்பது பிறகு தெரியவந்தது.

அவர் தாமே சொன்னது என்ன? போர் முடிந்த 1865ஆம் ஆண்டே, புனைபெயரில் நியூயார்க்கில் மேடையேறிப் பேசினார். கறுப்பினத்தவர் நடத்திய பத்திரிகை ஒன்று அதைப் பதிவுசெய்தது. சலவைத் துணி கேட்டு வந்தவரைப்போல டேவிஸின் வீட்டுக்குள் நுழைந்து, தனியறையில் இருந்த இழுப்பறைகளைத் திறந்து காகிதங்களைப் பார்த்தார் என்கிறது அந்தச் செய்தி. அழுக்குத்துணி கேட்டு வருகிறவளை எந்தக் காவலன் தடுப்பான்? ஒரே பார்வையில் மனப்பாடம் செய்யும் அதிசயப் பிறவியைவிட, சலவைக்காரி வேடத்தின் பயனைத் துல்லியமாகக் கணக்கிட்ட இந்தப் பெண்ணையே நாம் நம்புகிறோம். 1867இல் ஜார்ஜியாவில் விடுதலை பெற்றவர்களின் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தினார். அதற்குப் பின் அவர் தடம் கிடைக்கவில்லை. வான் லூ அம்மையாரோ 1869இல் ரிச்மண்டின் அஞ்சல்துறைத் தலைவராக நியமிக்கப்பட்டார். அவர் துணிச்சலை நாம் குறைத்துச் சொல்லவில்லை. சொந்த ஊரின் வெறுப்பைச் சாகும்வரை சுமந்தவர். இரண்டு முடிவுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்கிறோம், அவ்வளவுதான்.

இனி ஹாரியட் டப்மன். மேரிலாந்தில் 1822 வாக்கில் அடிமைத் தாய்க்குப் பிறந்தவர். சிறுமியாக இருக்கும்போதே சதுப்பு நீரில் இறங்கி, தோலுக்காக மஸ்க்ராட் என்னும் நீரெலி பிடிக்கும் பொறிகளைப் பார்த்துவர அனுப்பினார்கள். ஒரு கங்காணி வேறொருவன்மீது எறிந்த இரும்பு எடைக்கல் இவர் தலையில் பட்டது. பேசிக்கொண்டிருக்கும்போதே உறங்கிப்போகும் நோய் அதிலிருந்து கடைசிவரை இருந்தது. பிறகு தந்தையோடு மரம் வெட்டும் வேலை. காட்டையும் நீரையும் இரவையும் கற்றுக்கொடுத்தது இந்த வேலைதான். 1849இல் தப்பினார், பின் ஏறத்தாழ 13 முறை திரும்பிப் போய் 70 பேர் வரை மீட்டுவந்தார். கடைசிவரை எழுதப் படிக்கத் தெரியாது.

இங்கே நம் தோழர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்ள வேண்டும். 19 பயணம், 300 பேர், தலைக்கு 40,000 டாலர் விலை என்று நம் சுவரொட்டிகளிலும் போடுகிறோம். அவர் வாழ்ந்த காலத்திலேயே சாரா பிராட்ஃபோர்டு எழுதிய வாழ்க்கை வரலாற்றிலிருந்து பரவிய மிகை அது. 70 என்பது சிறிய எண்ணா? பிடிபட்டால் சித்திரவதையோ மீண்டும் அடிமை விலங்கோ என்ற நிலையில் ஒரு பெண் 13 முறை திரும்பிப் போனதற்கு அலங்காரம் எதற்கு? நம் வீரர்களைப் பெருக்கிக் காட்டினால், பொய் ஒன்று பிடிபடும் நாளில் உண்மையையும் சேர்த்தே தள்ளிவிடுவார்கள்.

1861 நவம்பரில் வடக்கின் கடற்படை தென் கரோலினாவின் போர்ட் ராயல் பகுதியைப் பிடித்தது. பண்ணை முதலாளிகள் ஓடிவிட்டார்கள். ஏறத்தாழ 10,000 அடிமைகள் அங்கேயே இருந்தார்கள். 1862இல் டப்மன் பியூஃபர்ட் நகருக்கு வந்து சேர்ந்தார். அங்கே பேசியது கல்லா என்ற மொழி. ஆப்பிரிக்க மொழிகளும் ஆங்கிலமும் கலந்தது. இவர் பேச்சு அவர்களுக்குப் புரியவில்லை, அவர்கள் பேச்சு இவருக்குப் புரியவில்லை. ஒரே நிறம் என்பதால் மட்டும் நம்பிக்கை வந்துவிடாது என்பதை அவர் அறிந்திருந்தார். இராணுவம் தனக்குத் தந்த சலுகை உணவு மற்றவர்களின் மனத்தை உறுத்துகிறது என்று கண்டதும் அதை வேண்டாம் என்றார். பகலில் மருத்துவமனையில் வேலை. வேர்களைக் காய்ச்சி வயிற்றுக்கடுப்புக்குக் கஷாயம் கொடுத்தார். இரவில் பணியாரம்போலப் பலகாரங்கள் சுட்டு, விற்கக் கொடுத்துப் பிழைத்தார். கையிலிருந்த பணத்தில் சலவைக்கூடம் கட்டி, பெண்கள் படையினருக்குத் துவைத்துச் சம்பாதிக்க வழிசெய்தார். அடுப்பும் சலவைக் கல்லும் இருக்கிற இடத்துக்கு ஊர்ச்செய்தி தானாக வந்துசேரும் என்பதை நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

1863 தொடக்கத்தில் அவருக்கு இரகசியப் பணிக்கான நிதியிலிருந்து 100 டாலர் தரப்பட்டது. வால்டர் பிளவ்டன் உள்ளிட்ட பத்துப் பேர் அளவில் ஒரு வேவுக் குழு சேர்ந்தது. அந்தப் பக்கத்து நீர்வழிகளில் படகு ஓட்டிப் பழகியவர்கள் அவர்கள். குறி வைத்தது கம்பாஹி ஆறு. அங்குள்ளவர்கள் வாயில் அது கம்பீ. இரு கரையிலும் பெரும் நெற்பண்ணைகள். கடலின் ஏற்றவற்றத்தை மதகுகளால் கட்டுப்படுத்தி நெல் விளைவித்தார்கள். அந்த வரப்புகளையும் வாய்க்கால்களையும் வெட்டியவர்கள் அடிமைகள். ஆற்றில் தென்னகப் படை வெடிகளை மிதக்கவிட்டிருந்தது. அவற்றைப் போடும் வேலையிலும் அடிமைகளின் கைகள் இருந்தன. கோடையில் காய்ச்சல் பரவும் என்பதால் வெள்ளைப் படையினர் உள்நாட்டுக்குப் பின்வாங்கி, காவல் மெலிந்திருந்தது. இத்தனையும் தெரிந்தவர்கள் சேற்றில் நின்றவர்கள்தான். டப்மன் செய்தது, சிதறிக்கிடந்த அந்த அறிவைக் கேட்டு வாங்கிச் சேர்த்தது.

ஜூன் 1 இரவு மூன்று படகுகள் கிளம்பின. கர்னல் ஜேம்ஸ் மாண்ட்கோமரியின் தலைமையில் ஏறத்தாழ 300 கறுப்பினப் படைவீரர்கள். ஒரு படகு வழியிலேயே தரைதட்டியது. மற்ற இரண்டும் வெடிகளை விலக்கிக்கொண்டு விடியலில் ஆற்றின் மேற்பகுதியை அடைந்தன. வயலில் வேலை அப்போதே தொடங்கியிருந்தது. வடக்கத்தியான் உங்களைப் பிடித்துக் கியூபாவில் விற்றுவிடுவான் என்று ஆண்டைகள் பயமுறுத்தி வைத்திருந்தார்கள். ஆனாலும் படகின் ஊதல் கேட்டதும், கையிலிருந்த களைக்கொட்டைப் போட்டுவிட்டு மக்கள் ஓடிவந்தார்கள். கங்காணிகளின் சவுக்குக்கு நிற்கவில்லை. அடுப்பிலிருந்து இறக்கிய சோற்றுப் பானையை ஆவி பறக்கத் தலையில் வைத்து, கழுத்தில் ஒரு பிள்ளை தொங்க, பாவாடையைப் பிடித்துக்கொண்டு இரண்டு பிள்ளைகள் வர ஓடிவந்த ஒரு பெண்ணைப் பற்றி டப்மன் பின்னர் சிரித்துச் சிரித்துச் சொல்லியிருக்கிறார். ஒருத்தி இரண்டு பன்றிகளைக் கொண்டுவந்தாள். வெள்ளைப் பன்றிக்குத் தென்னகத் தளபதி பியூரிகார்டின் பெயரையும், கறுப்புப் பன்றிக்கு ஜெஃப் டேவிஸ் என்றும் படகிலேயே பெயர் வைத்தார்கள். பண்ணை வீடுகளும் களஞ்சியங்களும் எரிந்தன, மதகுகள் திறந்துவிடப்பட்டன. ஒரே நாளில் 700க்கும் மேற்பட்டோர் விடுதலை பெற்றார்கள். அவர்களில் நூற்றுக்கும் மேற்பட்ட ஆண்கள் படையில் சேர்ந்தார்கள். படகில் வந்த வீரர் ஒருவரும் சாகவில்லை. தென்னகத்து அதிகாரி ஒருவர் அனுப்பிய விசாரணை அறிக்கை, ஆற்றையும் நாட்டையும் நன்கறிந்தவர்கள் எதிரிக்கு வழிகாட்டியிருக்கிறார்கள் என்று ஒப்புக்கொண்டது.

டப்மன் பெயரில் ஒரு வாசகம் நம் கைபேசிகளில் சுற்றுகிறது. தாங்கள் அடிமைகள் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தால் இன்னும் ஆயிரம் பேரை மீட்டிருப்பேன் என்று அவர் சொன்னாராம். அவர் அப்படிச் சொன்னதற்கு எந்தச் சான்றும் இல்லை. சான்று இருக்கட்டும், அந்தக் காலைப்பொழுதே அதற்கு மறுப்பு. வெடி எங்கே இருக்கிறது என்று சொன்னவர்களுக்கா தாங்கள் அடிமைகள் என்று தெரியாது? சோறு வேகும் பானையோடு ஓடத் தயாராக இருந்தவளுக்கா தெரியாது? மக்கள் அறியாமையில் கிடக்கிறார்கள், தலைவர் வந்து எழுப்ப வேண்டும் என்ற எண்ணம் நம் இயக்கங்களிலும் உண்டு. அதனால்தான் அந்தப் பொய் வாசகம் நமக்கு இனிக்கிறது.

கூலிக் கணக்கைப் பார்ப்போம். மூன்றாண்டுப் பணிக்கு அரசு அவருக்குக் கொடுத்தது 200 டாலர். 1865இல் இராணுவச் சீட்டோடு ஊர் திரும்பியவரை இரயிலில் கைமுறுக்கிச் சாமான் பெட்டிக்குள் தள்ளினார்கள், கையில் காயம். அவருடைய உளவுப் பணிக்கு ஓய்வூதியம் கேட்டு எழுதிய மனுக்கள் முப்பது ஆண்டுக்கு மேல் அலைந்தன. முதலில் கிடைத்தது, படைவீரராயிருந்த கணவர் இறந்தபின் விதவைக்குரிய மாதம் 8 டாலர். 1899இல் அது 20 ஆனது. கூடுதல் 12 டாலர் செவிலியாகப் பணியாற்றியதற்கு என்று எழுதினார்கள். விதவைக்குக் கொடுத்தார்கள், தாதிக்குக் கொடுத்தார்கள். ஒற்றர் குழுவை நடத்தியவள் என்று எழுத அந்தப் பேனாவுக்கு மனம் வரவில்லை. 1913இல் அவர் இறந்தார். 2024 நவம்பரில் மேரிலாந்து அவருக்குப் பிரிகேடியர் ஜெனரல் பதவி அளித்தது.

1974இல் பாஸ்டனில் கறுப்பினப் பெண்ணியர்கள் கூடியபோது தங்கள் அமைப்புக்கு 'கம்பாஹி ஆற்றுக் கூட்டமைப்பு' என்று பெயர் வைத்தார்கள். ஒரு தலைவியின் பெயரை வைக்காமல், எல்லோரும் சேர்ந்து செய்த ஒரு செயல் நடந்த இடத்தின் பெயரை வைத்தது நமக்குப் பிடித்திருக்கிறது.

அன்று ஓடிவந்தவர்கள் யார் என்ற கேள்விக்கு நெடுங்காலம் எண்ணிக்கை மட்டுமே பதிலாக இருந்தது. வரலாற்றாசிரியர் எட்டா ஃபீல்ட்ஸ்-பிளாக் 2024இல் வெளியிட்ட 'கம்பீ' என்ற நூல் அதை மாற்றியது. மறு ஆண்டு அதற்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. அந்தத் தாக்குதலில் பங்கேற்ற படைவீரர் ஒருவரின் வழித்தோன்றல் அவர். பெயர்களை அவர் தேடியது ஓய்வூதியக் கோப்புகளில். கணவன் இறந்தபின் உதவித்தொகை கேட்டு வந்த விதவைகளிடம் அரசு அதிகாரிகள் துருவித் துருவிக் கேட்டார்கள்: எந்தப் பண்ணையில் பிறந்தாய், எப்போது மணமானாய், யார் சாட்சி. அக்கம்பக்கத்தார் வந்து ஒருவருக்கொருவர் சாட்சி சொன்னார்கள். கையெழுத்துக்குப் பதில் கோடு போட்டுக்கொடுத்தார்கள். சந்தேகத்தோடு கேட்கப்பட்ட அந்தக் கேள்விகளுக்குச் சொன்ன பதில்களில்தான், ஒரு பண்ணையில் யார் யாருக்குப் பிள்ளை, யார் யாரோடு படகேறினார்கள் என்பது தங்கியிருக்கிறது.