ஈர வைக்கோலும் மேய்ச்சல் தரையும்: செங்கலடிப் பட்டிகளின் பங்கசு ஆபத்து

மேய்ச்சற் புல்லிலுள்ள பங்கசு கால்நடையை நோயாக்குவது பற்றிய ஆய்வு பெரும்பாலும் குளிர்நாட்டுப் புற்களைச் சுற்றியே வளர்ந்தது. அமெரிக்காவில் 1943இல் வெளியிடப்பட்ட 'கென்டக்கி 31' பெஸ்கியூ புல் அதற்குத் தலையாய சான்று. அதனுள்ளே கண்ணுக்குத் தெரியாமல் வாழும் பங்கசு எர்கோவலைன் என்ற நஞ்சைச் சுரக்கிறது. அந்த நஞ்சால் மாட்டின் குருதிக்கலன்கள் சுருங்கி, குளிர்காலத்தில் குளம்பும் வால்நுனியும் அழுகுகின்றன. கோடையில் உடற்சூடு தணியாமல் மாடு மூச்சிரைத்து மெலிகிறது, பால் வற்றுகிறது.

மட்டக்களப்பு மாவட்டத்துச் செங்கலடியில் அந்தப் புல் இல்லை. நாம் கவலைப்பட வேண்டியது வைக்கோலைப் பற்றி. பஞ்சாபின் டெக் ஓடையோரத்தில் முதலில் அறியப்பட்டு டெக்னாலா எனப் பெயர்பெற்ற நோய், ஈரம் பட்டுப் பூஞ்சணம் பிடித்த நெல் வைக்கோலைத் தின்ற எருமைகளின் வாலையும் காதையும் காலையும் அழுகச் செய்கிறது. பியூசேரியம் இனப் பங்கசுகளே அதற்குக் காரணமாகக் கருதப்படுகின்றன. பஞ்சாபின் கடுங்குளிர் நோயை முற்றச் செய்கிறது. மட்டக்களப்பில் அக்குளிர் இல்லை. ஆகவே கால் அழுகினால்தான் நஞ்சு என்று இங்கே காத்திருப்பது தவறு; பால் குறைவு, தீவன மறுப்பு, கருச்சிதைவு ஆகியவற்றையே முதலில் கவனிக்க வேண்டும்.

பெரும்போகம் விதைக்கும்போது பட்டிகள் மேற்கே மயிலத்தமடு, மாதவணைப் பக்கம் போகின்றன. அறுவடைக்குப் பின் வயலுக்குத் திரும்புகின்றன. பச்சைப்புல் தாராளமாக இருந்தால் மாடு பூஞ்சண வைக்கோலைப் பெரும்பாலும் ஒதுக்கிவிடும். பசித்த மாடு ஒதுக்காது. அந்தப் பக்கத்து மேய்ச்சல் தரை பயிர்நிலமாக மாற்றப்படுகிறது என்று 2023 செப்டம்பரில் சித்தாண்டியில் பண்ணையாளர் தொடங்கிய போராட்டத்தை நிலத்தகராறாக மட்டும் படிப்பது போதாது என்பதே என் வாதம். தரை சுருங்கினால், பின்மழையில் நனைந்து வயலில் கிடக்கும் வைக்கோலே தீவனமாகிறது.

வைக்கோலை உலர்த்திச் சேமித்தால் போதாதா என்று கேட்கலாம். வீட்டில் நாலு மாடு வளர்ப்பவருக்கு அது சரியான வழி. 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவைக் கரைத்துத் தெளித்துக் காற்றுப் புகாமல் மூடிவைத்தால் அமோனியா பூஞ்சணத்தைத் தடுப்பதோடு செரிமானத்தையும் கூட்டும். நூற்றுக்கணக்கான மாடுகள் உள்ள பட்டிக்கு அத்தனை வைக்கோலை எந்தக் கூரையின் கீழ் வைப்பது?

மனிதருக்கும் இதில் பங்குண்டு. அஸ்பர்ஜிலஸ் பங்கசு படிந்த தீவனத்திலுள்ள அஃப்லாடொக்சின் பி1 என்ற நஞ்சு, பசுவின் உடலில் எம்1 ஆக மாறிப் பாலில் இறங்குகிறது. காய்ச்சினாலும் உறையூற்றினாலும் அது அழிவதில்லை. ஐரோப்பிய ஒன்றியம் பாலில் கிலோவுக்கு 0.05 மைக்ரோகிராமுக்கு மேல் அதை அனுமதிப்பதில்லை. சட்டித் தயிருக்குப் பேர்போன இந்த மாவட்டத்தில், பெப்ரவரி முதல் ஏப்ரல் வரை வைக்கோல் மாதிரியையும் பால் மாதிரியையும் ஒரே பட்டியிலிருந்து எடுத்துச் சோதிக்க வேண்டும். அந்தப் பட்டி அவ்வாண்டு எங்கே மேய்ந்தது, எத்தனை நாள் வைக்கோலை மட்டும் தின்றது என்பதையும் கால்நடை வைத்தியர் அதே பதிவேட்டில் எழுத வேண்டும்.