தேடுதல் வேட்டை - கணினிக்குள் கோப்பு தேடிய கதை

விண்டோஸ் எக்ஸ்பி பயன்படுத்திய யாரும் அந்த நாய்க்குட்டியை மறந்திருக்க மாட்டார்கள். 2001-ல் வெளிவந்த அந்த இயங்குதளத்தில் 'சர்ச்' என்று சொடுக்கினால் ஓரத்தில் ஒரு நாய் வந்து உட்காரும். பெயர் ரோவர். (1995-ல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்டு, எடுபடாமல் போன 'பாப்' என்ற மென்பொருளில் முதலில் நடித்த நாய் இது. பிறகு எக்ஸ்பிக்கு மாற்றலாகி வந்துவிட்டது!) கோப்பின் பெயரில் ஒரு சொல்லைக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டு வரலாம். அப்போதும் நாய் தேடிக்கொண்டே இருக்கும்.

அதே கணினியில் கூகிளைத் திறந்து ஒரு சொல்லைத் தட்டினால், கோடிக்கணக்கான இணையப் பக்கங்களிலிருந்து ஒரு நொடிக்குள் விடை வந்துவிடும். உலகத்தின் மறுகோடியில் இருப்பது உடனே கிடைக்கிறது, சொந்த வீட்டுக்குள் இருப்பது கிடைக்கவில்லை. இந்த வேடிக்கை எப்படி வந்தது, எப்படித் தீர்ந்தது, தீர்ந்தபோது என்ன விலை கேட்டது என்று பார்க்கலாம்.

ராமன் கணக்கு

காமர்ஸ் படிப்பவர்களுக்கு இதைச் சுலபமாகச் சொல்லிவிடலாம். குறிப்பேட்டில் நடவடிக்கைகள் தேதி வாரியாக எழுதப்படுகின்றன. ராமன் எவ்வளவு பாக்கி என்று யாராவது கேட்டால், குறிப்பேட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டிக் கூட்டிக் கழித்துச் சொல்லலாம். தப்பில்லை, ஆனால் பொழுது போய்விடும். அதனால்தான் பேரேடு இருக்கிறது. ராமன் பெயருக்கு ஒரு பக்கம், அவர் சம்பந்தப்பட்ட எல்லாமே அங்கே. எடுத்து எழுதும் வேலையை முன்பே செய்துவிட்டதால் கேட்டவுடன் பதில் வருகிறது.

ரோவர் குறிப்பேட்டைப் புரட்டியது. ஒவ்வொரு முறை தேடும்போதும் ஒவ்வொரு ஃபோல்டராகக் கதவைத் தட்டிப் பார்த்தது. கூகிளோ இணையத்தை முன்கூட்டியே படித்து, எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று ஒரு பேரேடு போட்டு வைத்திருந்தது. இந்தப் பேரேட்டைத்தான் 'இண்டெக்ஸ்' என்கிறார்கள். கணினிக்குள் தேடிய வரலாறு முழுவதும் இந்தப் பேரேட்டைப் பற்றியதுதான். அதை யார் எழுதுவது, எங்கே வைப்பது, யார் படிக்கலாம்?

அடுக்கி வைத்தவர்கள்

ஃபோல்டருக்குள் ஃபோல்டர் என்ற ஏற்பாடு 1965-லேயே மல்டிக்ஸ் என்ற இயங்குதளத்துக்காக எழுதப்பட்ட ஓர் ஆய்வுக் கட்டுரையில் விளக்கப்பட்டுவிட்டது. ஆனால் வீட்டுக் கணினிக்கு அது மெதுவாகத்தான் வந்தது. 1981-ல் வந்த முதல் எம்எஸ்-டாஸில் ஃபோல்டரே கிடையாது. ஒரு ஃபிளாப்பியில் பத்து இருபது கோப்புகள் இருந்தால் ஃபோல்டர் எதற்கு? 1983-ல் ஐபிஎம் பிசி எக்ஸ்டி 10 எம்பி ஹார்ட் டிஸ்க்குடன் வந்தபோதுதான் டாஸ் 2.0-வும் ஃபோல்டர்களைக் கொண்டுவந்தது. பெயருக்கு 8 எழுத்து, வகைக்கு 3 எழுத்து, அவ்வளவுதான் இடம்.

10 எம்பி அன்றைக்குக் கடல். அதில் தொலைந்து போகாமல் இருக்கக் கோப்பு மேலாண்மை மென்பொருட்கள் வந்தன. 1985-ல் எக்ஸ்ட்ரீ, ஃபோல்டர்களைக் கிளை விட்ட மரமாகத் திரையில் வரைந்து காட்டியது. 1986-ல் ஜான் சோச்சா எழுதிய நார்ட்டன் கமாண்டர், நீலத் திரையை இரண்டாகப் பிரித்து, இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் கோப்பை நகர்த்த வழி செய்தது. இன்றும் பலர் விரும்பும் டோட்டல் கமாண்டர் அந்த வம்சத்தில் வந்ததுதான்.

இவை எல்லாம் நன்றாக அடுக்க உதவின. ஆனால் எங்கே அடுக்கினோம் என்பதே மறந்து போனால்?

பட்டியல் போட்டவர்கள்

யூனிக்ஸ் உலகில் 1973-லேயே கென் தாம்சன் 'கிரெப்' என்ற கருவியைத் தந்திருந்தார். பெல் ஆய்வகத்தில் லீ மக்மஹன் என்பவர், அமெரிக்க வரலாற்றில் பெயர் பெற்ற ஃபெடரலிஸ்ட் கட்டுரைகளை யார் யார் எழுதினார்கள் என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். அந்தக் கட்டுரைகள் அன்றைய எடிட்டரின் நினைவகத்தில் அடங்கவில்லை. எடிட்டரில் இருந்த தேடும் பகுதியை மட்டும் தாம்சன் தனியே பிரித்துக் கொடுத்தார். கோப்பின் உள்ளே இருக்கும் சொல்லைக் கண்டுபிடிக்கும், ஆனால் ரோவர் மாதிரியே ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து படிக்கும்.

1983-ல் ஜேம்ஸ் வுட்ஸ் என்பவர் வேறு வழி காட்டினார். கோப்புகளின் பெயர்களை எல்லாம் முன்கூட்டியே ஒரே பட்டியலாக எழுதி, சுருக்கி வைத்துவிட வேண்டும். தேடும்போது டிஸ்க் முழுவதும் அலைய வேண்டாம், பட்டியலைப் பார்த்தால் போதும். யூனிக்ஸில் 'லொக்கேட்' என்ற கட்டளையாக நிலைத்த யோசனை இது. ஒரே குறை, பட்டியல் எழுதிய பிறகு உருவான கோப்பு அதில் இருக்காது. அடுத்த முறை எழுதும்வரை காத்திருக்க வேண்டும்.

கோப்பின் பெயரோடு நிற்காமல் உள்ளடக்கத்தையும் பேரேடாக்கிய ஆரம்பகால பிசி மென்பொருட்களில் ஒன்று, 1989-ல் லோட்டஸ் நிறுவனம் வெளியிட்ட மெகல்லன். யோசனை பழசுதான், 2004-ல் திடீரென்று முளைத்ததல்ல என்பதற்காகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

2004: எல்லோரும் ஒரே நேரத்தில்

மைக்ரோசாஃப்டுக்கு ஒரு பெரிய கனவு இருந்தது. கோப்புகளை வெறும் கோப்புகளாக வைக்காமல் ஒரு தரவுதளம் போலவே வைத்துவிட்டால் எதையும் எப்படியும் தேடலாமே! வின்எஃப்எஸ் என்ற பெயரில் 2003 அக்டோபரில் மேடையேறியது. 2004 ஆகஸ்டில் அடுத்த விண்டோஸில் அது இருக்காது என்றார்கள். 2006 ஜூனில் தனி மென்பொருளாகவும் வராது என்று கைவிட்டார்கள்.

ஆப்பிள் சின்னதாக யோசித்தது. பிஓஎஸ் என்ற இயங்குதளத்தில் கோப்புகளின் பண்புகளைக் கொண்டு நொடியில் தேடும் வசதியை உருவாக்கியவர் டொமினிக் ஜியாம்பவோலோ. அவர் 2002-ல் ஆப்பிளில் சேர்ந்தார். இருக்கிற கோப்பு முறையை இடிக்காமல், பக்கத்தில் ஒரு பேரேடு மட்டும் எழுதிக்கொண்டே வரும் ஸ்பாட்லைட், 2005 ஏப்ரலில் டைகர் என்ற மேக் இயங்குதளத்துடன் வந்தது.

இதற்கு நடுவில் 2004 அக்டோபர் 14 அன்று கூகிள் டெஸ்க்டாப் இலவசமாக வெளிவந்தது. டிசம்பரில் மைக்ரோசாஃப்டின் எம்எஸ்என் தேடல், 2005 ஜனவரியில் யாஹூ. நான்கே மாதத்தில் மூன்று பெரிய நிறுவனங்களும் வீட்டுக் கணினிக்குள் தேட இலவசக் கருவி கொடுக்க வந்து நின்றன.

பேரேடு யார் கையில்?

கூகிள் டெஸ்க்டாப்பை நிறுவினால், கணினி சும்மா இருக்கும் நேரத்தில் அது வேர்டு, எக்செல் கோப்புகள், மின்னஞ்சல், அரட்டை, பார்த்த இணையப் பக்கங்கள் எல்லாவற்றையும் படித்துப் பேரேடு எழுதிவிடும். பிறகு கூகிளில் தேடும்போது இணைய முடிவுகளுக்கு மேலே சொந்தக் கணினியின் முடிவுகளும் வரும். பார்த்தவர்கள் அசந்து போனார்கள்.

வந்த இரண்டே மாதத்தில் சிக்கல் தெரிந்தது. அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் ஒரு பேராசிரியரும் அவருடைய இரண்டு மாணவர்களும், இந்தக் கலப்பு முடிவுகளை வெளியார் இணையதளம் ஒன்று எட்டிப்பார்த்துத் திருட முடியும் என்று கண்டுபிடித்தார்கள். கூகிள் ஓட்டையை அடைத்துவிட்டது. ஆனால் பாடம் பெரியது. திருடன் முன்பு வீடு முழுவதும் துழாவ வேண்டும். இப்போது எது எங்கே என்ற பட்டியலை வீட்டுக்காரரே எழுதி வைத்திருக்கிறார்!

2006 பிப்ரவரியில் வந்த மூன்றாம் பதிப்பு இன்னும் ஒரு படி போனது. ஒரு கணினியில் இருப்பதை இன்னொரு கணினியிலிருந்து தேடலாம் என்றது. அதற்காகக் கோப்புகளின் எழுத்துப் பகுதி கூகிளின் சர்வரில் 30 நாட்கள் வரை வைக்கப்படும். விருப்பப்பட்டால் மட்டுமே இயங்கும் வசதிதான். இருந்தும் எலெக்ட்ரானிக் ஃப்ரண்டியர் ஃபவுண்டேஷன் என்ற உரிமை அமைப்பு, இந்த வசதியைப் பயன்படுத்த வேண்டாம் என்று வெளிப்படையாகவே மக்களை எச்சரித்தது. மேசையில் இருக்கும் காகிதத்துக்குச் சட்டம் தரும் பாதுகாப்பு, அடுத்தவர் கிடங்கில் இருக்கும் நகலுக்குக் கிடைக்காது என்பது அவர்கள் வாதம்.

2007-ல் சண்டை வேறு திசையில் போனது. விஸ்டாவில் தேடல் வசதி உள்ளேயே இருந்தது. மற்ற தேடல் மென்பொருட்களுக்கு இது இடைஞ்சல் என்று அமெரிக்க அதிகாரிகளிடம் கூகிள் புகார் சொன்னது. அடுத்த சர்வீஸ் பேக்கில் பயனரே தேடல் மென்பொருளைத் தேர்ந்தெடுக்க வழி செய்வதாக மைக்ரோசாஃப்ட் ஒப்புக்கொண்டது. இவ்வளவு போராடிய கூகிள் 2011 செப்டம்பரில் கூகிள் டெஸ்க்டாப்பையே மூடிவிட்டது. இயங்குதளங்களிலேயே தேடல் வந்துவிட்டது, கோப்புகளும் இணையக் கிடங்குகளுக்குப் போய்க்கொண்டிருக்கின்றன என்பது காரணம்.

பெயர் மட்டும் போதும் என்றவர்

பெரிய நிறுவனங்கள் எல்லாவற்றையும் படிக்க நினைத்தபோது, டேவிட் கார்ப்பென்டர் என்பவர் 'எவ்ரிதிங்' என்ற சின்ன இலவச மென்பொருளை எழுதினார். பெயர்தான் எல்லாம், வழக்கமாக அது கோப்பின் பெயரையும் ஃபோல்டரின் பெயரையும் மட்டுமே பார்க்கும். உள்ளே இருப்பதைத் தொடாது.

அதன் வேகத்துக்குக் காரணம் அழகானது. விண்டோஸின் என்டிஎஃப்எஸ் முறையில் ஒவ்வொரு டிஸ்க்கிலும் எல்லாக் கோப்புகளின் பெயரும் ஏற்கெனவே ஒரு மாஸ்டர் அட்டவணையில் இருக்கிறது. எவ்ரிதிங் ஃபோல்டர் ஃபோல்டராகப் போகாமல் அந்த அட்டவணையை நேராகப் படித்துவிடுகிறது. கோப்பு உருவானாலோ, பெயர் மாறினாலோ, அழிந்தாலோ விண்டோஸ் அதைத் தனியாக ஒரு ஜர்னலில் குறித்து வைக்கும். எவ்ரிதிங் அந்த ஜர்னலைப் பார்த்துத் தன் பட்டியலைத் திருத்திக்கொள்கிறது. லொக்கேட்டின் பழைய குறை தீர்ந்தது. கணக்குப் பதிவியல் பாடம்தான், பேரேடும் உண்டு, குறிப்பேடும் உண்டு!

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான்கு விஷயம் தெரிந்தால் போதும்.

1. முழுப் பெயர் வேண்டாம். ஞாபகமிருக்கும் துண்டுகளை இடைவெளி விட்டுத் தட்டினால் போதும், வரிசை முக்கியமில்லை.

2. ஒரு சொல்லுக்கு முன் ஆச்சரியக்குறி போட்டால், அந்தச் சொல் உள்ளவை நீங்கிவிடும்.

3. அளவு என்ற தலைப்பைச் சொடுக்கினால் இடத்தை அடைத்திருக்கும் பெரிய கோப்புகள் முதலில் வரும். தேதி என்ற தலைப்பைச் சொடுக்கினால் நேற்று சேமித்து இன்று காணாமல் போனது மேலே வரும்.

4. பெயரைத்தான் தேடுகிறது என்பதால் பெயர் வைப்பதில்தான் எல்லாமே இருக்கிறது. 'புதிய ஆவணம் 7' என்று வைத்தால் எந்தக் கருவியாலும் காப்பாற்ற முடியாது. பாடம், பொருள், ஆண்டு, மாதம் என்று வைத்தால் ஃபோல்டர் மறந்தாலும் கோப்பு கிடைக்கும்.

தமிழில் தேடினால்?

இங்கே ஒரு தனிக் கதை இருக்கிறது. யூனிகோடுக்கு முன் பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்த ஆவணங்கள் ஏராளம். அவற்றில் உள்ளே இருப்பது தமிழே இல்லை. பாமினியில் 'எம்' என்ற ஆங்கில எழுத்தின் இடத்தில் 'அ' வரையப்பட்டிருக்கும், அவ்வளவுதான். கண்ணுக்கு 'அம்மா', கணினிக்கு ஏதோ ஆங்கில எழுத்துக் குவியல். யூனிகோடில் 'அம்மா' என்று தேடினால் அந்தக் கோப்பு ஒருநாளும் வராது. 2010-ல் தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தரமாக அறிவித்தது. ஆனால் அதற்கு முன் எழுதியவை தாமாக மாறிவிடாது. யாராவது உட்கார்ந்து எழுத்துரு மாற்றி மூலம் மாற்றினால்தான் அவை எந்தப் பேரேட்டிலும் ஏறும். வீட்டில் பழைய சிடியில் தாத்தா எழுதிய கட்டுரைகள் இருந்தால் முதல் வேலை இதுதான்.

யூனிகோடில் இருந்தாலும் ஒரு நுணுக்கம் உண்டு. தமிழில் சொல் வேற்றுமை உருபு ஏற்கும்போது வடிவமே மாறும். 'புத்தகம்' என்று தேடினால் 'புத்தகத்தில்' வராது. 'புத்தக' என்று வெட்டித் தேடினால் இரண்டும் வரும்.

பழைய கேள்வி, புதிய உடை

2024 மே மாதம் மைக்ரோசாஃப்ட் 'ரீகால்' என்ற வசதியை அறிவித்தது. சில நொடிகளுக்கு ஒருமுறை திரையையே படம் பிடித்து, அதிலுள்ளதைப் படித்துத் தேடத்தக்கதாக வைத்திருக்கும். அந்தத் தரவுதளம் சுலபமாக எடுத்துப் படிக்கும் நிலையில் இருப்பதைப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் காட்டினார்கள். எதிர்ப்பு கிளம்பியது. ஜூனில் நிறுவனம் பின்வாங்கி, பயனர் இயக்கினால் மட்டும் வேலை செய்யும், பூட்டி வைக்கப்படும் என்று மாற்றியது. 2025 ஏப்ரலில்தான் பொதுவாக வெளியிட்டது. 2004-ல் கேட்ட அதே கேள்விகள்தான், இருபது வருடம் கழித்து.

வேகமாகத் தேட வேண்டுமென்றால் யாரோ முன்பே படித்திருக்க வேண்டும். இதில் மந்திரம் எதுவும் கிடையாது. எனவே எந்தத் தேடல் கருவியை நிறுவும் முன்பும் மூன்று கேள்வி கேட்பது நல்லது. எதைப் படிக்கிறது, பெயரையா, உள்ளடக்கத்தையா, திரையையா? எழுதிய பேரேடு எங்கே இருக்கிறது, இந்த டிஸ்க்கிலா, வேறொருவர் சர்வரிலா? இந்தக் கணினியில் உட்காரும் மற்றவர்கள் அதைப் பார்க்க முடியுமா? மூன்றாவது கேள்வி எவ்ரிதிங்குக்கும் பொருந்தும். அது டிஸ்க் முழுவதற்கும் பட்டியல் போடுவதால், பலர் பயன்படுத்தும் கணினியில் ஒருவரின் கோப்புப் பெயர்கள் இன்னொருவர் கண்ணில் படலாம். சில நேரம் பெயரே போதுமே, உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்ல!

கடையில் கணக்குப்பிள்ளையை வேலைக்கு வைப்பவர், அவருக்குக் கூட்டல் வருமா என்று மட்டுமா பார்ப்பார்? மாலையில் கணக்குப் புத்தகம் எந்தப் பெட்டியில் போகிறது, சாவி யாரிடம் இருக்கிறது என்றும் பார்ப்பார். தேடல் கருவிக்கும் அதே நிபந்தனைதான்.